சாயம் ஏறிய சதுரங்கள்

ரஞ்சினி அந்தச் சலவை இயந்திரத்தைத் தமிழில் திட்டியிருக்கக் கூடாது. திட்டிவிட்டாள்.

“சனியன்... மூடு எண்டா மூடுதே இல்லை!”

பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பினாள். மழையில் நனைந்த கோட்டு, நெற்றியில் ஒட்டிய முடி, கையில் ஒரு துணிப்பை... சிலருக்குச் சிரிப்பு வாயில் வருவதற்கு முன்னால் கண்ணில் வந்துவிடும். இவன் அந்த ரகம்.

“நீங்க தமிழா?”

“ஓம்... நீங்கள்?”

“திருச்சி. பேர் பார்த்தசாரதி. இங்கே மின்சார வாரியத்துல இன்ஜினியர். தமிழ்ல யாராவது திட்டிக் கேட்டு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?”

அது 1976. மெல்பர்னில் பிரன்சுவிக் பக்கம் இத்தாலியர் கடை இருந்தது, கிரேக்கர் கடை இருந்தது. தமிழ் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியைத்தான் பார்க்க வேண்டும். அதனால்தான், காசு போட்டுத் துணி துவைக்கும் அந்தக் கடையில், “எல்லா மெஷினும் ஓடிட்டிருக்கு. என்கிட்ட ஒரே ஒரு துணிதான், உங்களோடதுல போட்டுக்கட்டுமா?” என்று அவன் கேட்டபோது, ரஞ்சினி ஒரு கணமும் யோசிக்கவில்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள்.

“அதுக்கென்ன, போடுங்கோ.”

அவன் போட்டது ஒரு புதுக் கைலி; அவள் ஊரில் அதற்குச் சாரம் என்று பேர். ஊரிலிருந்து பார்சலில் வந்தது. கஞ்சி போக ஒரு தடவை அலசிவிட்டுக் கட்டலாம் என்று எடுத்து வந்திருந்தான். செக்கச் சிவந்த கட்டம்.

அவள் போட்டிருந்தது ஒரு போர்வையின் மேல்பக்கம். துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, பூப்போட்ட சதுரம் ஒன்று, வெள்ளைச் சதுரம் ஒன்று என்று மாற்றி மாற்றித் தைத்தது. கோடு போட்ட பென்சில் தடம் போகத்தான் துவைக்க வந்தாள். இனி உள்ளே பஞ்சு விரிப்பு வைத்து, அடியில் துணி கொடுத்து, ஓரம் மடித்துத் தைத்தால் முடிந்தது.

சுடுதண்ணீருக்குத் திருப்பிவிட்டு இருவரும் பேசினார்கள்... குளிரைப் பற்றி, டிராமைப் பற்றி, இந்த ஊர் கத்தரிக்காயின் அளவைப் பற்றி. அவன் பேசும்போது கையையும் சேர்த்துப் பேசினான். அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள்... பிறகு பார்க்காதது போல ஜன்னலில் வழியும் மழையைப் பார்த்தாள்.

இயந்திரம் நின்றது. மூடியைத் திறந்தாள்.

வெள்ளைச் சதுரங்கள் ஒன்றுகூட வெள்ளையாக இல்லை.

“ஐயோ!” என்றாள். அடுத்து வந்ததெல்லாம் அச்சில் ஏற்ற முடியாதது. “உங்கட சாரத்தைக் கிழிச்சுக் குப்பையில போடுவன்! சாயம் போற துணி எண்டு தெரியாதே உங்களுக்கு?”

“புதுக் கைலியை உப்புத் தண்ணியில தனியா ஊறவைக்கணும்னு அம்மா சொல்லித்தான் அனுப்பினாங்க... மறந்தே போச்சு. மன்னிச்சுக்கோங்க...”

“மன்னிப்பை வைச்சு நான் என்ன செய்யிறது? அண்ணாட்ட வந்து நீங்களே சொல்லுங்கோ!”

வந்தான். மழையில் இரண்டு தெரு நடந்து வந்தான், ஈரப் போர்வை மூட்டையைத் தானே சுமந்துகொண்டு. பக்கத்தில் ரஞ்சினி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள். ஆனால் உள்ளே... இதை யாரிடமும் சொல்ல முடியாது... உள்ளே பெரிய நிம்மதி.

காரணம் லண்டன். லண்டனில் ஒரு கணக்காளர். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா பேசிவைத்திருந்த சம்பந்தம். நல்ல மனிதர், நல்ல குடும்பம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. படத்தைப் பார்த்தால் மனதில் எதுவும் அசையவில்லை, அவ்வளவுதான். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “இந்தப் போர்வையை முடிச்ச பிறகு பதில் சொல்லுறன் அண்ணா” என்று சொல்லியிருந்தாள். லண்டன் குளிருக்குப் போர்வை வேண்டும்தானே என்று அண்ணன் சிவபாலனும் சரி என்றுவிட்டார். கை வைத்துத் தைக்காத பிளவுஸ், பாதி ஓரம் மடித்த திரைச்சீலை, கழுத்து வெட்டாத சட்டை என்று எதையும் முடித்த சரித்திரமே அவளுக்கு இல்லை. ஆனால் பாழாய்ப்போன இந்தப் போர்வை மட்டும் முடிகிற நிலைக்கு வந்துவிட்டது. இந்த ஆள் வந்து நாசமாக்கினான். புண்ணியவான்!

சிவபாலன் ரயில்வேயில் பொறியாளர். கதவைத் திறந்து, நனைந்த இளைஞனையும் சிவந்த போர்வையையும் பார்த்து, முழுக் கதையும் கேட்டார். கோபிக்கவில்லை. மனைவி வதனாவைக் கூப்பிட்டு, “இவருக்கு ஒரு தேத்தண்ணி போடும், திருச்சிப் பிள்ளையாம்!” என்றார். பிறகு கிரிக்கெட்டைப் பற்றி ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

பார்த்தசாரதிதான் நிறுத்தினான். “சார், நான் கெடுத்ததை நானே சரிபண்ணித் தர்றேன். வெள்ளைச் சதுரத்தை எல்லாம் பிரிச்சு எடுத்துட்டு, புதுசு வெச்சுத் தைக்கலாமில்ல? பிரிக்கிற வேலை என்னோடது.”

“உங்களுக்குத் தையல் பிரிக்கத் தெரியுமோ?” என்றாள் ரஞ்சினி.

“ஹாஸ்டல்ல அஞ்சு வருஷம் என் பேண்ட்டை நானே பிரிச்சு நானே தைச்சவன். ஒரு பிளேடு போதும்.”

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஒரு பாக்கெட் சவர பிளேடும் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக வந்து நின்றான். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தான்.

ரஞ்சினி எதிர்பாராதது ஒன்று உண்டு. அவன் சுறுசுறுப்பானவன். பாதி பிளேடைக் காகிதத்தில் சுற்றிப் பிடித்து, மூன்று தையலுக்கு ஒரு தையல் வெட்டி, நூலை ஒரே இழுப்பில் உருவி, சதுரங்களை அடுக்கி வைத்துவிடுவான். அவள் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் விரல்களால் மெதுவாகத் தைத்துக்கொண்டிருப்பாள்.

“ஏங்க, இந்த வரிசை இன்னுமா முடியலை?”

“அவசரப்பட்டால் மூலை பொருந்தாது...”

“நல்லாத்தான் பொருந்துது. குளிர் போறதுக்குள்ள முடிச்சிடலாம், கவலைப்படாதீங்க!”

இவனுக்கு என்ன அவசரம் என்று எரிச்சலாக வந்தது அவளுக்கு. அதைவிட எரிச்சல், அவன் போனபிறகு வீடு வெறிச்சென்று இருந்ததுதான். வெள்ளிக்கிழமை பின்னேரமே எந்தச் சேலை கட்டுவது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தாள். சனிக்கிழமை காலையில் மழை பெய்தால், டிராம் ஓடுமா என்று பதறினாள். இந்த ஊரில் மழைக்கு டிராம் நின்றதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

அவனுக்கும் அப்படித்தான். நூலை உருவும் சாக்கில் நிமிர்ந்து பார்ப்பான். ஊசிக் காதில் நூல் கோக்கும்போது அவள் ஒரு கண்ணைச் சுருக்குவாள்... அந்த ஒரு கணத்துக்காக அவன் அந்தப் பிரன்சுவிக் டிராமில் நின்றுகொண்டே வரத் தயார்.

ஒரு சனிக்கிழமை ரஞ்சினி நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். வதனா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். மனதில் கள்ளம் இல்லாதவள்; வாயில் பூட்டும் இல்லாதவள்.

“தம்பி, நீர் வந்தது நல்லதாப் போச்சு. இல்லாட்டி இவள் இதை முடிக்கவே மாட்டாள். லண்டன் மாப்பிள்ளைக்குப் போர்வை முடிஞ்ச உடன பதில் சொல்லுறன் எண்டு சொல்லி வைச்சிருக்கிறாள். அவையும் பாவம், காத்துக்கொண்டு இருக்கினம்.”

பிளேடு நூலை விட்டுத் துணியில் இறங்கியது. நல்ல பூப்போட்ட சதுரம் ஒன்று நடுவில் கிழிந்தது.

“அடடா...” என்றான். ரஞ்சினி திரும்பி வருவதற்குள் தலைவலி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை.

ரஞ்சினி வாசல் கதவை நாலு தடவை திறந்து பார்த்தாள். மழை இல்லை. டிராம் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அன்று இரவு சாப்பாட்டு மேசையில் வதனா தான் சொன்னதைத் தானாகவே சொன்னாள். ரஞ்சினிக்குக் கையில் எடுத்த புட்டு இறங்கவில்லை.

முதலில் கோபம் வந்தது. கேட்டால் என்ன? ஒரு வார்த்தை கேட்க முடியாதவருக்கு நான் ஏன் கதவைத் திறந்து திறந்து பார்க்க வேண்டும்? பிறகு, கோபம் தணிந்தபோது, உண்மை தெரிந்தது. ஒளிந்துகொண்டிருப்பது தான்தான். இத்தனை மாதமும் ஒரு போர்வைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, லண்டனில் ஒருவரையும் இங்கே ஒருவரையும் காக்க வைத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை வேலை விட்டு வந்ததும் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். செவ்வாயும் உட்கார்ந்தாள். கிழிந்த சதுரத்தை மாற்றினாள், பஞ்சு விரிப்பை வைத்தாள், ஓரத்தைச் சுற்றி மடித்துத் தைத்தாள். வதனா கணவரின் காதில், “பிள்ளைக்குக் காய்ச்சல் கீய்ச்சலோ?” என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை போர்வை முடிந்தது. ரஞ்சினியின் வாழ்க்கையில் முழுதாக முடிந்த முதல் தையல் வேலை.

சனிக்கிழமை மணி அடித்தது. கதவைத் திறந்தாள். பார்த்தசாரதி நின்றான், கையில் ஒரு முழம் பூப்போட்ட துணியோடு.

“அன்னிக்கு ஒரு சதுரத்தைக் கிழிச்சுட்டேன்... அதுக்கு மாத்து. குடுத்துட்டுப் போலாம்னு...”

“அது மாத்தியாச்சு. போர்வை முடிஞ்சுது.”

சோபாவில் விரித்திருந்த போர்வையைப் பார்த்தான். முகம் ஒரு கணம் வாடி, உடனே சிரித்தது. இந்தத் தடவை கண் சிரிக்கவில்லை.

“ரொம்ப அழகா இருக்குங்க... வாழ்த்துக்கள். நானும் ரொம்ப தூரத்துல, மோர்வெல் மின்நிலையத்துக்கு மாற்றல் கேட்டிருக்கேன். இனிமே இந்தப் பக்கம்...”

“எதுக்கு வாழ்த்து?”

“லண்டனுக்கு...”

“நான் லண்டனுக்குப் போறன் எண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?”

“உங்க அண்ணி...”

“போர்வை முடிஞ்சாப் பதில் சொல்லுவன் எண்டுதான் மச்சாள் சொன்னவ. பதில் என்ன எண்டும் சொன்னவவோ?”

அவன் கையிலிருந்த துணியை மடிக்கத் தொடங்கினான்.

“போன சனிக்கிழமை ஏன் வரேல்லை?”

“எப்படிங்க வர்றது? உங்க அண்ணன் என்னை நம்பி வீட்டுக்குள்ள விட்டார். டீ கொடுத்தார், சாப்பாடு போட்டார். அவர் தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசி வெச்சிருக்கும்போது, நான் உங்களைப் பத்தி மனசுல...”

நிறுத்திவிட்டான்.

“மனசுல... என்ன?”

குசினியிலிருந்து குரல் வந்தது. “அந்த வசனத்தை முடியும் தம்பி!”

சிவபாலன் சமையலறை வாசற்படியில் நின்றார், கையில் கத்தியும் பாதி வெட்டிய வெங்காயமுமாக. கண்ணெல்லாம் தண்ணீர். வெங்காயத்தால்தான். “எதையும் அரைகுறையா விடுறது இவளின்ர பழக்கம். நீரும் பழகிட்டீரோ?”

பார்த்தசாரதி அவர் பக்கம் திரும்பினான். 

“எனக்கு ரஞ்சினியைப் பிடிச்சிருக்கு சார். கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசை. உங்க நம்பிக்கையைக் கெடுத்துட்டேன்னு தோணினா, இப்பவே போயிடறேன்.”

சிவபாலன் அவனைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தார். அவர் குரலில் இப்போது விளையாட்டு இல்லை.

“ரஞ்சி, போர்வை முடிஞ்சுது. எனக்குப் பதில் தா.”

“லண்டனுக்கு மாட்டன் அண்ணா. முதலே சொல்லியிருக்கோணும்... பயந்திட்டன். எனக்கு இவர்தான்.”

“இந்தியாக்காரர். அம்மா இலேசில ஓம் எண்டு சொல்லமாட்டா. தெரியும்தானே?”

“தெரியும். நானே எழுதுறன். அவ மறுத்தா, திரும்பவும் எழுதுவன்.”

 சிவபாலன் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

“லண்டனுக்கு நான் எழுதுறன். அவையளை இனியும் காக்க வைக்கக் கூடாது” என்றார். “தம்பி, நீர் இருந்து சாப்பிட்டுப் போம்.”

அவர் உள்ளே போனதும் கூடத்தில் இரண்டு பேர்தான். அவன் இன்னும் அந்த ஒரு முழத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“மோர்வெல்...?” என்றான் மெதுவாக.

“திங்கட்கிழமை போய் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ.”

“சொல்லிடறேன்... ஆனா ஒண்ணு. எனக்கு இவர்தான்னு அண்ணன்கிட்டதான் சொன்னீங்க. என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே?”

அவள் முகம் சிவந்தது. தலையைக் குனிந்தாள்... பிறகு நிமிர்ந்து, அவன் கண்களையே பார்த்தாள்.

“பிடிக்கும்” என்றாள். “நல்லாப் பிடிக்கும். சனிக்கிழமை வராட்டி எனக்குச் சாப்பாடும் இறங்கிறேல்லை. போதுமே?”