சுத்தத் தண்ணீரில் தாமிரம்

அன்று போகியா, பொங்கலா என்பதை ஜோதிகாவால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பனியன் கம்பெனிகள் ஓடாத பகல் என்பது மட்டும் நிச்சயம். தெற்கத்திச் சனமெல்லாம் ஊருக்குப் போய்விட, எப்போதும் இரைச்சலுக்குள்ளேயே கிடக்கும் திருப்பூரில் அன்று குழாய் சொட்டுவதுகூடத் தனியாகக் கேட்டது.

சாயத்துணியில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் ஆய்வகம் அது. ஏற்றுமதித் துணி ஒன்றுக்கு அன்றே ரிப்போர்ட் வேண்டும். முடித்துவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு சாயங்காலம் விருதுநகர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவர்களுடைய லைன் வீட்டில் அக்கம்பக்கம் ஒருவரும் இல்லை. உள்ளே தாழ் போட்டுக்கொள், நான் வந்தால் மட்டும் திற என்று சொல்லி, தன் செல்போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

சான்றிதழோடு வந்திருந்த தாமிரக் கரைசல் புட்டியின் முத்திரையை உடைத்து, அளவு அளவாக நீர் கலந்து வரிசையாக வைத்தாள். முதலில் வைப்பது வெறும் சுத்தத் தண்ணீர். அதற்கு மிஷின் பூஜ்யம் காட்டியாக வேண்டும்.

மிஷினின் மெல்லிய குழாய் தண்ணீரை உறிஞ்சி, உள்ளே எரியும் தீயில் தூவியது. நீலத் தீயின் விளிம்பில் தாமிரத்தின் பச்சை படர்ந்தது. திரையில் ஒன்று.

கண்ணாடிக் குவளையைக் கழுவிப் புதுத் தண்ணீர் வைத்தாள். இரண்டு. வெகுநேரம் உள்ளங்கையில் பொத்திவைத்த காசின் வாடை அறையில் மெல்லக் கூடிவந்தது. திரும்பிக் கதவைப் பார்த்தால் ஓரக்கண்ணில் எண் இறங்கியது. மிஷின் பக்கம் திரும்பினால் ஏறியது. அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ ஓரடி ஓரடியாக வருவதுபோல.

முதலாளி தரணீதரனுக்கு ஆபீஸ் போனில் பேசினாள்.

"ஏனுங்க ஜோதிகா, நோம்பி நாள்ல தண்ணியோட சண்டைங்களா?"

"நல்ல தண்ணியில காப்பர் காட்டுது சார். மாத்தி மாத்தி வச்சாலும் கூடிக்கிட்டே போகுது."

"தூசி ஏதாச்சும் இருக்குமுங்க. ஜீரோ பட்டனை அமுத்திட்டு ஓட்டுங்க. புள்ளையக் கூட்டிட்டு ஊருக்குப் போகோணும்னீங்கல்ல?"

அந்தப் பட்டனை அழுத்தினால், அப்போது இருப்பதை இல்லாததாகவே மிஷின் எடுத்துக்கொள்ளும். சுத்தமில்லாத தண்ணீரை வைத்து அழுத்தக் கூடாது. புதிதாக வருபவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுப்பதுதான்.

அழுத்தினாள்.

பூஜ்யம். கழுத்தருகே ஏதோ அசைவற்று நின்றது. பிறகு எண் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது. தீ முழு நீலம். வாடை இல்லை. சாத்தியிருந்த கதவு திறந்து கிடந்தது.

இங்கே இருந்தது இப்போது இல்லை.

மகளுக்குப் போன் போட்டாள். 

"பாப்பா, கதவத் தெறக்காத. என்ன?"



"பக்கத்துலயே நின்னுக்கிட்டு ஏம்மா போன்ல பேசுற?"

துணி தேறியது. வருஷங்கள் ஓடிவிட்டன. தரணீதரன் ஆய்வகத்தை விற்றுவிட்டுக் காங்கேயத்தில் எண்ணெய் மில் நடத்துகிறார். ஜோதிகா அதே லைன் வீட்டில்தான் இருக்கிறாள். மகள் கல்லூரிக்குப் போகிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள். அம்மா என்று கூப்பிடும்போது மட்டும் ஜோதிகாவைப் பார்ப்பதில்லை. அவள் தோளுக்குச் சற்றுப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் பார்க்கிறாள்.