மூன்று ஓட்டை விமானம்

விஜியின் விமானத்தில் இடது இறக்கை, வெந்நீர் கொட்டிய கை மாதிரி கொப்புளித்துக் கிடந்தது. நடுவில் ஓர் ஓட்டை வேறு. அந்த ஓட்டையில் அவள் தம்பி சுஜித்தின் கட்டைவிரல் கச்சிதமாக நுழையும். நுழையாமல் எப்படி இருக்கும்? போட்டவனே அவன்தானே!

விஜிக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. சுஜித்துக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. இரண்டு பேரும் மட்டாஞ்சேரியில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். அப்பா காளிமுத்து கொச்சி மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தார். இரண்டு மாதத்துக்கு முன்னால், வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒருவர் அவரைக் கூப்பிட்டு, "பிள்ளைகளுக்குக் கொடுங்க" என்று ஓர் அட்டைப்பெட்டியைத் தந்தார். உள்ளே குட்டிக் குட்டியாக ஏகப்பட்ட பிளாஸ்டிக் துண்டுகள். எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டினால், இரண்டாம் உலகப் போரில் பறந்த குண்டுவீச்சு விமானம் வரும். அதன் பெயர் லிபரேட்டர். நிஜ விமானத்தை எழுபத்திரண்டு மடங்கு சின்னதாக்கியிருந்தார்கள். அப்படியும் இறக்கை ஒரு முழ நீளம் இருந்தது.

பெட்டியில் ஒரு கண்ணாடிக் கூண்டு காணவில்லை. விமானத்தின் முதுகில், துப்பாக்கி வீரர் உட்காரும் இடத்தை மூட வேண்டிய கூண்டு அது. ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு வந்த விஜி அசரவில்லை. காலி மாத்திரை அட்டையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குமிழை வெட்டி வைத்தாள். அதற்கென்றே செய்ததுபோல் உட்கார்ந்துகொண்டது. இறக்கையில் ஒட்ட வேண்டிய வெளிநாட்டு விமானப்படையின் நட்சத்திரச் சின்னங்கள் மட்டும், தண்ணீரில் நனைத்ததும் பழைய அப்பளமாக நொறுங்கிவிட்டன.

சனிக்கிழமை பள்ளியில் கைவேலைக் கண்காட்சி. அவர்கள் வீட்டிலிருந்து ஒரு பொருளும் இதுவரை கண்காட்சி மேசையில் ஏறியதில்லை. இந்த வருஷம் ஏறும் என்று வகுப்பு முழுவதும் விஜி தம்பட்டம் அடித்து வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் விமானத்தை அம்மிணி டீச்சரிடம் கொடுக்க வேண்டும்.

இன்றைக்குப் புதன்கிழமை. இறக்கையில் ஓட்டை.

"என்னடா பண்ணி வச்சிருக்கே?"

"பெயின்ட் அடிச்சேன் அக்கா. வெள்ளிக் கலர்."

"எதை எடுத்து அடிச்சே?"

"சோனியா சேச்சி தந்த நெயில் பாலிஷ்."

பக்கத்து வீட்டு சோனியா சேச்சி பியூட்டி பார்லரில் வேலை பார்ப்பவர். அடியில் கொஞ்சம் மிச்சமிருக்கும் புட்டிகளைச் சுஜித்துக்குக் கொடுப்பார். நெயில் பாலிஷ் பட்டதும் பிளாஸ்டிக் இளகிச் சுருங்கியது. சுஜித் பயந்துபோய், நெயில் பாலிஷை அழிக்கும் திரவத்தை ஊற்றித் துடைத்தான். அது அதற்கு மேல்! அழுத்தித் துடைத்த விரல் இறக்கைக்குள்ளேயே போய்விட்டது.

"உனக்கு ஹெல்ப் பண்ணலாம்னுதான் அக்கா..."

"நீ பண்ணின ஹெல்ப் போதும். என் கண்ணு முன்னால நிக்காதே!"

சுஜித் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டான். அம்மா பாக்கியலக்ஷ்மி கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் வைத்துக் கூப்பிட்டார். அவன் வரவில்லை. கப்பை என்றால் ஓடி வருகிற பையன்! விஜிக்கும் சாப்பாடு இறங்கவில்லை. விமானத்தைப் பார்த்தால் கோபம் வந்தது. கட்டிலுக்கு அடியில் கேட்ட விசும்பலோ அந்தக் கோபத்தை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் விஜி பள்ளி நூலகத்துக்கு ஓடினாள். நிஜ லிபரேட்டரில் அந்த இடத்தில் ஏதாவது பொருள் பொருத்தியிருந்தால், அதை வைத்து ஓட்டையை மறைத்துவிடலாமே! தமிழை அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். மலையாளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. விமானங்களைப் பற்றிய தடிமனான மலையாளப் புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினாள்.

லிபரேட்டர் இருந்தது. ஆனால் அதன் இறக்கையில் வெளிநாட்டு நட்சத்திரம் இல்லை. நம் இந்திய விமானப்படையின் காவி, வெள்ளை, பச்சை வட்டம் இருந்தது.

விஜி மூச்சுவிடாமல் படித்தாள். போர் முடிந்ததும் வெளிநாட்டுப் படைகள் நிறைய லிபரேட்டர்களைக் கான்பூரில் விட்டுவிட்டுப் போய்விட்டன. வேறு யாரும் அவற்றைப் பறக்கவிடக் கூடாது என்று, போவதற்கு முன்னால் உடைத்தும் போட்டன. உடம்பெல்லாம் ஓட்டை, இன்ஜினுக்குள் மணல். நம் ஊர்த் தொழிலாளர்கள் விடவில்லை. ஒன்றில் கழற்றியதை இன்னொன்றில் மாட்டினார்கள். ஓட்டைகளைத் தகடு வைத்து அடைத்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் மறுபடியும் பறந்தன!

சாயங்காலம் பள்ளி விட்டதும் விஜி பறந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். அக்கா வருவதைப் பார்த்ததுமே சுஜித் மறுபடியும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டான்.

"டேய், வெளியே வா."

"அடிப்பியா?"

"அடிக்கல. சேச்சி தந்த அந்தப் புட்டி எங்கே? நெயில் பாலிஷை அழிக்கிறது?"

"எதுக்கு?"

"இன்னும் ரெண்டு ஓட்டை வேணும்."

கட்டிலுக்கு அடியில் ஓர் அலறல் கேட்டது. "அம்மா! அக்காவுக்கு என்னமோ ஆயிருச்சு!"

விஜிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தரையில் படுத்து, கட்டிலுக்கு அடியில் தலையை நீட்டி, கான்பூர்க் கதை முழுவதையும் சொன்னாள்.

"ஒரே ஒரு ஓட்டைன்னா யாரோ தெரியாம உடைச்ச மாதிரி இருக்கும். மூணு இருந்தாத்தான்டா அது கான்பூர் விமானம்."

"நீயே போட்டுக்கோ."

"எனக்கு எங்கே தெரியும்? எவ்வளவு ஊத்தணும், எப்படி அழுத்தணும்னு உனக்குத்தானே தெரியும்?"

சுஜித் யோசித்தான். அது உண்மைதான் என்று அவனுக்கே பட்டது. முதலில் தலை வெளியே வந்தது. பிறகு முழு சுஜித்தும் வந்தான்.

ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை ஆரம்பமானது. சுஜித் நாக்கைத் துருத்திக்கொண்டு, பஞ்சில் நனைத்து நனைத்து, வால் பக்கம் ஒன்று, வலது இறக்கையில் ஒன்று என்று அழகாக இரண்டு ஓட்டை போட்டான். மாத்திரை அட்டையின் வெள்ளித் தாளை விஜி சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி மூன்றையும் அடைத்தாள். ஊசியால் ஓரம் முழுக்கப் புள்ளி குத்தியதும், தகட்டில் ஆணி அடித்தது போலவே தெரிந்தது.

"வட்டத்துக்கு என்ன அக்கா பண்றது?"

"அம்மாவோட ஸ்டிக்கர் பொட்டு!"

பெரிய காவிப் பொட்டு, அதன் மேல் வட்டமாக வெட்டிய வெள்ளைக் காகிதம், அதன் மேல் குட்டிப் பச்சைப் பொட்டு. பாக்கியலக்ஷ்மி எட்டிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு நான் என்ன வச்சுக்கிட்டு வேலைக்குப் போறது?" என்றார். கேட்டாரே தவிர, மிச்சப் பொட்டு அட்டையையும் அவரே எடுத்துவந்து கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை. அம்மிணி டீச்சருக்கு ஊர் பாலக்காடு. அவர் தமிழையும் மலையாளத்தையும் கலந்துதான் பேசுவார். விமானத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் நெற்றி சுருங்கியது.

"என்ன மோளே இது? உடைஞ்சு போன சாமானை மேசையில வைக்க முடியாதுன்னு நோட்டீஸ் போட்டிருக்கே, பார்க்கலையா?"

பக்கத்தில் நின்ற சுஜித், விஜியின் பாவாடையை இறுகப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடி தெரிந்ததும் அவளுக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"இது உடைஞ்சு போனது இல்லை டீச்சர். உடைச்சுப் போட்டதை நம்ம ஆளுங்க சரி பண்ணிப் பறக்கவிட்டது. லைப்ரரி புக்ல இருக்கு. நான் எடுத்துட்டு வந்திருக்கேன்."

டீச்சர் அந்தப் பக்கத்தை நின்றபடியே வாசிக்க ஆரம்பித்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து வாசித்து முடித்தார். பிறகு வெள்ளித் தகடுகளையும், அவற்றைச் சுற்றித் தெரிந்த ஓட்டை விளிம்புகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இந்த ஓட்டையெல்லாம் எத்தனை நேச்சுரலா இருக்கு! யார் போட்டது?"

சுஜித் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தான். விஜி அவனை முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"என் தம்பி, டீச்சர். மூணும் அவன் போட்டதுதான்."

"அப்போ பெயர்ச்சீட்டுல அவன் பேரையும் எழுது" என்றார் டீச்சர்.

சனிக்கிழமை, வாசலுக்கு நேரே இருந்த முதல் மேசையில் விமானம் நின்றது. முன்னால் ஒரு சீட்டு: 'ஓட்டை போட்டது சுஜித், ஒன்றாம் வகுப்பு. அடைத்தது விஜி, ஐந்தாம் வகுப்பு.' காளிமுத்து வேலை முடிந்து, காக்கிச் சட்டையோடு கூட்டாளிகள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். "எம்புள்ளைங்க செஞ்சது" என்று தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் சொன்னார். அதைக் கேட்கக் கேட்க விஜிக்குப் பெருமை தாங்கவில்லை.

கண்காட்சி முடிந்ததும் அம்மிணி டீச்சர் கேட்டார். "இந்த வருஷம் முழுக்க இதை ஆபீஸ் ரூம் வாசல்ல, கண்ணாடி அலமாரியில வைக்கலாமா?"

"சுஜித்தைக் கேட்கணும் டீச்சர்" என்றாள் விஜி.

சுஜித் நன்றாக யோசித்துவிட்டு, "சீட்டும் கூடவே இருக்கணும்" என்றான்.

திங்கட்கிழமை காலையில் பிரார்த்தனை மணி அடித்தது. ஒன்றாம் வகுப்பு வரிசையில் ஒருவர்கூட இல்லை. தேடிக்கொண்டு போன விஜி, எல்லோரையும் கண்ணாடி அலமாரி முன்னால் கண்டுபிடித்தாள். நடுவில் நின்று கான்பூர்க் கதை சொல்லிக்கொண்டிருந்தான் சுஜித். விஜி அவனைக் கூப்பிடவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் நின்று, கதை முடியும்வரை கேட்டாள்.