நடுக்கம் நின்ற பிறகு

ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்த மார்கழி அது, கண்ணுகளா. ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக் காலையெல்லாம் கழுத்தளவு வெள்ளத்தில் நின்ற புருஷன் காளியப்பனை, கிருஷ்ணம்மா இழுத்துக்கொண்டு மேட்டு லயத்துக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல்தான். மழை வெளிச்சத்தையே விழுங்கியிருந்தது. ஆள் குடியில்லாத தொழிலாளர் வீட்டு வரிசை. தகரக் கூரையில் மழை அறைந்தது. உள்ளே புளித்த ரப்பர்ப் பால் நாற்றம்.

மூலையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முக்காட்டிலிருந்து நீர் சொட்டியது.

"நீங்களும் வெள்ளத்துல மாட்டிக்கிட்டீங்களாக்கா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

காளியப்பனுக்குப் பற்கள் கிடுகிடுத்தன.

"இந்த அடிக்கு மேளக்காரனே தோத்துடுவான் மாமா," என்று கேலி செய்து பார்த்தாள் கிருஷ்ணம்மா.

"நீ... தாளம் போடு," என்றான்.

"குளிர்க்காய்ச்சல்," மூலையிலிருந்து கிசுகிசுப்பு. "நடுக்கம் நிக்கும். அப்புறம் சூடு ஏறும். போத்தாத."

தோட்டத்தில் யாருக்குத்தான் அது தெரியாது? குளிர், சூடு, வியர்வை என்று முறை வைத்து வரும் காய்ச்சல். அதனால் பரணில் கிடந்த காய்ந்த கோணிச் சாக்குகளைக் கிருஷ்ணம்மா தொடவில்லை.

நடுக்கம் நின்றது.

மாரியாத்தாளைக் கும்பிட்டுக்கொண்டாள். ஆனால் அவன் பேச்சு, கள் குடித்தவன் பேச்சுப்போல் குழறியது. "நான் யாரு?" என்று கேட்டால் விழித்தான். விரல்கள் சட்டைப் பொத்தானைத் தேடித் தேடித் தவறின.

"எரியுதுடி... கழட்டு..."

"சூடு வந்திருச்சு." குரல் இப்போது அவள் காதருகே. "கழட்டிவிடு. நானும் அப்படித்தான் கழட்டினேன்."

கிருஷ்ணம்மா அவன் வயிற்றில் கை வைத்தாள்.

ஆற்றுக்கல்.

காய்ச்சல் கண்ட உடம்பு தொட்ட கையைச் சுடும், கண்ணுகளா. இது உள்ளுக்குள்ளேயே அணைந்துகொண்டிருந்த உடம்பு.

"ஐயோ, இது காய்ச்சல் இல்ல!"

ஈரத்துணியை உருவி எறிந்தாள். சாக்குகளை இழுத்து அவனைச் சுற்றினாள். தன் ஈரச்சேலையையும் களைந்துவிட்டு உள்ளே நுழைந்து, அவனை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"தூங்காதீங்க மாமா. என்னைப் பாருங்க."

மூலையில் யாரும் இல்லை.

வெகுநேரம் மழையும் அவள் மூச்சும்தான் கேட்டன. பிறகு, மெல்ல, அவன் பற்கள் மறுபடி அடித்துக்கொண்டன. உயிர் திரும்புகிற அந்த நடுக்கத்தைக் கண்டு கிருஷ்ணம்மா விம்மி அழுதாள்.

"கி... கிருஷ்ணம்மா," என்றான். "முதுகுலேர்ந்து கைய எடு. விறைக்குது."

அவள் கைகள் இரண்டும் அவன் நெஞ்சில் இருந்தன.