டாக்டரம்மா கேட்ட பெயர்

நெருப்பெரிச்சல் ஊரில் நானும் தங்கை அனுசுயாவும் வேலைக்குச் சேர்ந்த பனியன் யூனிட், முன்பு டாக்டர் சாரதாமணியின் பங்களா. பிணம் அறுத்துப் பாடம் நடத்த இந்தப் பக்கத்தில் வந்த முதல் பெண் பேராசிரியர். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்றவர்களே பிறகு அவர் முன்னால் கைகட்டி நின்றார்களாம். விபத்தில் செத்த தொழிலாளியை அநாதைப் பிணமென்று தள்ளிவிட்டால், காயத்தை வைத்தே எந்த மெஷின் என்று சொல்லிவிடுவாராம். பெயர் தெரியாமல் எந்த உடம்பிலும் கத்தி வைக்கமாட்டாராம். அவர் செத்ததும் வீட்டை எங்கள் முதலாளி ஆத்தப்பன் வாங்கினான்.

பிணம் கெடாமல் வைக்கும் மருந்தின் நெடி மட்டும் வீட்டைவிட்டுப் போகவில்லை. எத்தனை பினாயில் ஊற்றினாலும் கட்டிங் அறையில் மூக்கு எரியும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கட்டிங் மெஷினின் கத்தி அனுசுயாவின் முழங்கையைப் பிளந்தது. ரத்தம் சுவரில் பீய்ச்சியடித்தது. அவள் துணிக்குவியலில் சரிந்தாள்.

ஆத்தப்பன் மெஷினை நிறுத்தி, ஷட்டரை இறக்கினான்.

"உசுரு போயிருச்சு கண்ணு. அவினாசி ரோட்டோரமாப் போட்டரலாம். லாரி அடிச்சதா இருக்கட்டும்."

"உசுரு இருக்குய்யா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம்யா."

என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். பிறகு அவள் காலைப் பற்றி இழுத்தான்.

நெடி கூடியது.

நின்றிருந்த கத்தி தானாக ஓடியது.

அனுசுயாவின் புஜத்தில் ஐந்து பள்ளங்கள் விழுந்தன. யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல் சதை அமுங்கியது. பிடித்த ஆள் இல்லை. ரத்தம் நின்றது.

"இவன் பேரென்ன?"

என் காதோரம் ஒரு பெண்குரல். எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"ஆத்தப்பன்," என்றேன்.

அவன் கை விறைத்து நீண்டு கத்திக்குப் போனது. பனியனைத் திருப்புவதுபோல் மணிக்கட்டிலிருந்து தோல் உரிந்தது.

"இது தோல்," என்றது குரல், வகுப்பெடுக்கும் நிதானத்தில். "இது தசை."

அவன் அலறினான்.

"இது நரம்பு."

ஒவ்வொன்றும் தனித்தனியாக மேஜையில் விழுந்தது. எனக்குத் துளி இரக்கம் வரவில்லை. ஷட்டரைத் தூக்கி, தங்கையை ரோட்டுக்குச் சுமந்தேன்.

பிழைத்துக்கொண்டாள். தையல் பிரிக்க வந்த டாக்டர் அவள் புஜத்தைப் பார்த்தார். பள்ளங்கள் இன்னும் மறையவில்லை.

"யாரும்மா பிடிச்சது? நேரத்துக்குப் பிடிச்சிருக்காங்க."

"நாந்தான் சார்."

அவள் பேரைக் கேட்காமலே அவர் பிளேடை எடுத்துக் குனிந்தார். புஜத்துப் பள்ளங்கள் ஒவ்வொன்றாக மேலெழும்பி மறைந்தன.

பிளேடு பிடித்த அவர் மணிக்கட்டில் ஐந்து பள்ளங்கள் விழுந்தன.