நீலக் கரை

ஞாயிறு காலை ஏழு நாற்பது. வெர்னா ப்ரூட் நகர மன்றக் கூடத்தின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, "இது என்னோடது இல்ல," என்றார். மறுபடியும் சொன்னார். எழுபது தாண்டிய கிழவி சொன்னால் யார் காதில் போட்டுக்கொள்கிறார்கள்?

வெளியே ஓஹையோ ஆற்றைப் பார்த்தபடி புதுக் கருங்கல் நினைவுச் சின்னம் துணி போர்த்தி நின்றது. போரில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்களுக்காக ஊர் எழுப்பியது. பதினொரு மணிக்குத் திறப்பு. செனட்டர் வருகிறார், டிவிக்காரர்கள் வருகிறார்கள். அந்த ஏழு குடும்பங்களும் வீட்டு ஜன்னலில் தொங்கவிட்டிருந்த கொடிகளைக் கூடத்துப் பெட்டிக்குக் கடன் கொடுத்திருந்தன. சிவப்புப் பட்டை, நடுவே வெள்ளை, அதில் செத்தவனுக்கு ஒரு தங்க நட்சத்திரம், அதைச் சுற்றி மெல்லிய நீலக் கரை.

போலீஸ் சீஃப் மார்லீன் கோசாக் காப்பிக் கோப்பையோடு வந்து, வெர்னாவின் பெயர் எழுதியிருந்த கொடியை உற்றுப் பார்த்தாள். துணியில் சதுரம் சதுரமாக மடிப்புத் தடம். நட்சத்திரம் வெறும் வெள்ளையில் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"பாவம், வயசாகுது சீஃப்," என்றார் விழாக் குழுத் தலைவர் கார்டன் டீக். ஊரில் பாதிப் பேர் ஓட்டும் கார் அவர் கடையில் வாங்கியது. "துக்கம் மூளையக் கலக்கிடும்."

"என் மூளைக்கு ஒண்ணுமில்ல," என்றார் வெர்னா. "என் மகன் டேல் செத்த வாரம் நானே உக்காந்து தச்சேன். அழுதுகிட்டே தச்ச கோணத் தையல் எனக்குத் தெரியாதா? இது கடைச்சரக்கு."

டீக் உடனே கட்சி மாறினார். "அப்ப திருட்டுதான். பெட்டிச் சாவி மூணு பேர்கிட்ட இருக்கு. நான், வால்ட், கூட்டிப் பெருக்குற ஜோலீன். ஜோலீனுக்கு எங்க மேல என்ன காண்டுன்னு ஊருக்கே தெரியும்."

தெரியும்தான். ஜோலீன் ஸ்டிடமின் மகன் வேட் ஆப்கானிஸ்தானிலிருந்து உயிரோடுதான் திரும்பினான். மூன்றாவது குளிர்காலத்தில் கார் கொட்டகையில் தன்னையே சுட்டுக்கொண்டான். அதைப் போரில் செத்த கணக்கில் சேர்க்க முடியாது, எட்டாவது கொடிக்குப் பெட்டியில் இடமும் கிடையாது என்று குழு முடிவு செய்தது. முடிவைக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தவர் டீக். வாசித்துவிட்டு டோனட் சாப்பிட்டார்.

கோசாக் ஜோலீன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஜன்னலில் வழக்கமாக ஒரு கொடி தொங்கும், பிள்ளை படைக்குப் போன வீடுகளில் கட்டுகிற நீல நட்சத்திரம் வைத்தது. இன்று பக்கத்தில் இன்னொன்று. சாயம் போன நீலக் கரையோடு தங்க நட்சத்திரம், கோணத் தையல், ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை.

கதவு திறந்ததும் கோசாக் சுற்றி வளைக்கவில்லை. "எங்க கெடச்சுது?"

"சொன்னா நம்புவியா?"

"சொல்லு, பாப்போம்."

"நேத்து சாயங்காலம். மன்றத்துக்குப் பின்னால இருக்கற குப்பைத் தொட்டியில, காப்பித்தூளுக்கு அடியில கெடந்துச்சு."

"நேரா வெர்னாம்மாகிட்ட குடுத்திருக்கலாமே."

ஜோலீன் ஜன்னலைப் பார்த்தாள். "குடுத்திருக்கணும். ஒரே ஒரு ராத்திரி என் ஜன்னல்லயும் தங்கம் இருக்கட்டும்னு தோணிச்சு. தப்புதான் மார்லீன். பிடிச்சுக்கிட்டுப் போறதுன்னா போ."

கோசாக் வண்டிச் சாவியை எடுத்தாள். "ரெண்டையும் எடுத்துக்கிட்டு வண்டியில ஏறு," என்றாள்.

மன்றத்தில் டீக் முகமெல்லாம் மலர்ந்து எதிரே வந்தார். "நான்தான் சொன்னேனே."

"இருங்க, ஒரு கேள்வி பாக்கி." முதலில் அவள் முன்னாள் படைவீரர் சங்கத்து வால்ட் ஓபர்மையரைத் தனியே கூப்பிட்டாள். "வால்ட், வீட்டுல கொடி தொங்குது. பிள்ளை செத்துட்டான்னு சேதி வருது. கொடிய என்ன செய்வாங்க?"

"நீல நட்சத்திரத்து மேலயே தங்கத்த வச்சுத் தைப்பாங்க. தங்கம் ஒரு நூல் சின்னதா இருக்கணும், சுத்தி நீலம் தெரியற மாதிரி." வால்ட் தொப்பியைக் கழற்றினார். "என் பொண்டாட்டி தங்கத் துணி ரெண்டு வெட்டித் தயாரா வச்சிருந்தா. பசங்க ரெண்டு பேரும் வந்து எறங்குன அன்னைக்கு அடுப்புல போட்டா."

அதே கேள்வி டீக்குக்கு.

"பழசக் கழட்டிட்டு தங்கம் வச்ச கொடி புதுசா வாங்கி மாட்டுவாங்க," என்றார் டீக். "வேற என்ன செய்வாங்க?"

கோசாக் வெர்னாவையும் ஜோலீனையும் வால்டையும் பெட்டிக்கு முன்னால் கூப்பிட்டாள்.

"திருடுறவங்க, எடுத்த இடத்துல காசு குடுத்துப் புதுசு வாங்கி மாட்டிட்டுப் போவாங்களா? மாட்டினவருக்கு வேண்டியது பெட்டி நெறஞ்சு அழகா இருக்கணும், அவ்வளவுதான். சரி, சாவி வச்சிருக்கற மூணு பேர்ல யாரு? இந்தக் கொடியப் பாருங்க. நீலமே இல்ல. மத்த ஆறுலயும் இருக்கு. ஜன்னல்ல ஒரு நாள் கொடி கட்டின வீட்டுக்காரங்க இதக் கையாலகூடத் தொட மாட்டாங்க. ஜோலீன் கட்டியிருக்கா, வால்ட் வீட்லயும் கட்டியிருந்தாங்க. உங்க வீட்லருந்து யாரு போனாங்க, டீக்?"

யாரும் போகவில்லை. அவருடைய மகன்கள் கார் விற்கிறார்கள்.

"கந்தலா இருந்துச்சு," என்றார் டீக் கடைசியில். "டிவியில அசிங்கமாத் தெரியும். கேட்டா வெர்னா விடமாட்டாங்க. விழா நல்லா நடக்கணும்னுதான் செஞ்சேன்."

"ஜோலீன் பேர ஏன் இழுத்தீங்க?"

டீக் கடிகாரத்தைப் பார்த்தார். "செனட்டர் வர்ற நேரம்."

கோசாக் வழக்கு எழுதினாள். ஒரு பழந்துணிக்கு என்ன அபராதம் வரும் என்று அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கருங்கல்லின் அடியில் நன்கொடை தந்தவர்களில் முதல் பெயர் டீக்குடையது, ஆழமாகச் செதுக்கியாகிவிட்டது. பதினொரு மணிக்கு ஒலிபெருக்கியில் அவர் குரல்தான் முதலில் கேட்டது. இந்த ஊர் தன் பிள்ளைகளை மறக்காது என்றார். கை தட்டினார்கள்.

வெர்னா விழாவுக்குப் போகவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, கடைக் கொடியிலிருந்து நட்சத்திரத்தைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"அது சாட்சிப் பொருள், வெர்னாம்மா."

"கொடிய நீ வச்சுக்க. நட்சத்திரம் எனக்கு வேணும்." ஜோலீன் பக்கம் கை நீட்டினார். "உன்னோடதக் குடு."

ஜோலீன் கொடுக்கவில்லை. "அவங்க கணக்குல வேட் போர்ல சாகல."

"அடி அங்க பட்டுச்சு. உசுரு இங்க வந்து போச்சு. இவனுங்க யாரு கணக்குப் பாக்க? குடுடீ."

தங்கத்தின் ஓரத்தை ஒரு நூல் நறுக்கி, நீலத்தின் மேல் வைத்து, வெர்னா நிதானமாகத் தைத்தார். ஒரு பக்கம் கோணிவிட்டது. "சுத்தி நீலம் தெரியணும்," என்றார். "அதுதான் அவன் உசுரோட இருந்த காலம். அத யாரும் மூடக் கூடாது."

கோசாக் ஜோலீனின் சாவியை வாங்கிப் பெட்டியைத் திறந்து வெர்னாவின் கொடியை அதன் இடத்தில் மாட்டினாள். ஏழு கொடிகளுக்கு அளவெடுத்துச் செய்த பெட்டி அது. மூன்று பெண்களுமாக ஏழையும் ஒன்றோடொன்று நெருக்கித் தள்ளி, எட்டாவதை மாட்டினார்கள்.