நீலக்கரையை மறித்தபோது

குருநகர்க் கடலோரத்து மீன் கொம்பனிக்குள் ஷெரோன் நுழைந்தபோது மழை பிடித்துக்கொண்டது. சுவரெல்லாம் உப்புப் பூத்திருந்தது. ஐஸும் செதிலும் கலந்த நாற்றம் மூக்கில் ஏறியது. மெயில் சேர்வரைத் திருத்த அவளைக் கூப்பிட்டவர் முதலாளி செபநாயகம்.

"நாள் முழுக்க வந்து குவியுது பிள்ளை. வெளிநாட்டு ஓடர் எல்லாம் உதுக்குள்ளை அமிழ்ந்து போகுது."

அவள் திரையைப் பார்த்தாள். வந்த மெயில்கள் எல்லாவற்றிலும் ஒரே வரி.

வாசலிலை நிக்கிறம். உள்ளுக்கு வரலாமோ?

அனுப்பியவர் பெயர் யாகப்பு. அந்த முகவரியைத் தடுத்தாள். உடனே அதே வரி வேறொரு பெயரில் வந்தது. அதையும் தடுத்தாள். இன்னொரு பெயர். பெயர்கள்தான் மாறின, அவற்றின் பின்னால் நின்ற டொமைன் ஒன்றேதான்.

நீலக்கரை.

அவளுடைய கை அப்படியே நின்றது. படகில் போனவர்களைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு மூடப்பட்ட மீன்பிடிக் கொம்பனி அது. ஒருவருடைய உடலும் கரையேறவில்லை. திரையில் வந்த பெயர்களெல்லாம் அந்தப் படகில் போனவர்களுடையவை. அவர்களில் அவள் தம்பி றெஜியும் ஒருவன். செபநாயகத்துக்கு அது தெரியாது.

டொமைனைத் தேடிப் பார்த்தாள். வருடக் கணக்காக அதற்குச் சொந்தக்காரர் இல்லை, சேர்வரும் இல்லை.

"ஆரோ களவாய்ப் பேரைப் போட்டு அனுப்பினம் ஐயா."

"ஆரெண்டாலும் மொத்தமாய் மறிச்சு விடு." அவர் திரையைப் பார்க்காமல் கடற்பக்கக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நீலக்கரையிலிருந்து எதுவும் உள்ளே வராதபடி சேர்வரில் கட்டளையை எழுதினாள். முடிக்கும்முன் இன்னொரு மெயில் விழுந்தது.

அக்கா, நான் றெஜி. உள்ளுக்கு விடு.

எவனோ ஈவிரக்கமில்லாதவனின் வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் விரல்கள் பதில் எழுதத் துடித்தன.

"என்ன பாக்கிறாய்? மறி," செபநாயகம் கிசுகிசுத்தார்.

பொத்தானை அழுத்தினாள்.

மெயில்கள் நின்றன. சேர்வரின் பதிவில் மட்டும் வரிகள் ஓடின. யாகப்பு, மறுக்கப்பட்டது. றெஜி, மறுக்கப்பட்டது. ஒவ்வொரு பெயராக வந்து, மறுக்கப்பட்டு, மத்தியானமளவில் அதுவும் ஓய்ந்தது.

"போயிட்டாங்களோ?"

"ஓம் ஐயா." அதைச் சொன்னபோது அவளுக்கு அழுகை முட்டியது.

பாசையூரில் வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. குசினிக்குள் புகை. நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் இறக்கும் பெரிய பானை அடுப்பில் கொதித்தது.

"ஏனம்மா இவ்வளவு சோறு?"

அம்மா உதட்டில் விரல் வைத்தாள். நெடுநாளுக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு களை.

"மெல்லக் கதை. களைச்சுப்போய்க் கிடக்கிறாங்கள்."

"ஆர்?"

"தம்பியும் அவனோடை போன பெடியளும். மத்தியானம் படலையடியிலை நிண்டு கூப்பிட்டாங்கள். வாங்கோ எண்டன்."

ஷெரோன் அம்மாவின் கையைப் பிடித்து வெளியே இழுக்க நினைத்தாள். அதற்குள் சாத்தியிருந்த அறைக்கதவில் கண் விழுந்தது.

அம்மா அகப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள். குரலில் கோபமில்லை.

"நீ ஏன் பிள்ளை அவங்களை மறிச்சனீ?"

மூடியிருந்த அறைக்குள் யாரோ இருமினார்கள், நெஞ்சு நிறையத் தண்ணீர் தேங்கியவர்போல.

பிறகு இன்னொருவர்.

பிறகு எல்லோரும்.