உப்பிலிட்ட வால்

“காலில்ல, நீளமா இருக்கு, மண்ணுக்குள்ள இருக்கு. இதுக்குப் பேர் பாம்பு. இதச் சொல்றதுக்கு ஆராய்ச்சி வேண்டியதில்லம்மா.”

நெடுந்திட்டின் மணலில் நின்றுகொண்டு டாக்டர் கோதண்டபாணி இப்படித் தீர்ப்புச் சொன்னார். சொல்லும்போது கையிலிருந்த உயிரை அவர் பார்க்கவில்லை, புகைப்படக்காரரைப் பார்த்தார். கரையிலிருந்து விசைப்படகில் வந்த குழுவின் தலைவர் அவர். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை. காலணியில் மணல் புகாமலிருக்க அதன் மேல் பாலிதீன் பை கட்டியிருந்தார். அந்தப் பையோடுதான் அவர் உயிரியல் துறையை நாற்பது வருடம் ஆண்டார் என்பது என் எண்ணம்.

அவருக்கு எதிரே நின்றவள், அந்தத் தீவின் உயிர்களை ஆராய்ந்துவந்த என் மனைவி ஃப்ளோரா. அவள் இன்று இருந்திருந்தால் இதை அவளே எழுதியிருப்பாள், இன்னும் காரமாக. இப்போது நினைவில் இருப்பதை நான் எழுதுகிறேன்.

நெடுந்திட்டு தூத்துக்குடிக்குத் தெற்கே கடலில் கிடக்கும் ஒரு மணல் தீவு. கடல் அதை வருடா வருடம் தின்றுகொண்டிருந்தது. அலையைத் தடுக்கக் கான்கிரீட் கட்டிகளைக் கடலுக்குள் இறக்கினால் தீவு பிழைக்கும். ஆனால் கரைந்துகொண்டிருந்த தீவுகளில் ஒன்றுக்குத்தான் கட்டிகள் உண்டு. எந்தத் தீவு என்று கோதண்டபாணியின் குழு முடிவு செய்யும். நெடுந்திட்டின் மணலுக்குள் கால் இல்லாத ஓர் உயிர் இருந்தது. அது பூந்தொட்டியில்கூடக் கிடைக்கும் குருட்டுப் பாம்பு என்றால், தீவு போனால் போகட்டும். ஃப்ளோரா சொன்னபடி அது கால்களை இழந்த ஓர் அரணை என்றால், உலகில் வேறெங்கும் இல்லாத உயிர் என்றால், தீவைக் காப்பாற்றியே ஆகவேண்டும்.

“சார், அதுக்குக் காதுத் துளை இருக்கு. பாம்புக்குக் கிடையாது. கண்ணிமை இருக்கு. அதுவும் பாம்புக்குக் கிடையாது” என்றாள் ஃப்ளோரா.

“கால் இல்லையே?”

“இல்லாதத வச்சு எப்படி சார் சொந்தம் சொல்லுறது? எங்க அண்ணனுக்குத் தலையில முடியில்ல. தொப்பிய எடுத்தா உங்களுக்கும் இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே அப்பாவா?”

படகோரமாக நின்றிருந்த அவள் அண்ணன் லிகோரி, கேட்காமலே தலைத்துண்டை அவிழ்த்துக் காட்டினான். வெயிலில் அது நன்றாகப் பளபளத்தது. புகைப்படக்காரர் சிரிப்பை அடக்கக் கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார்.

கோதண்டபாணிக்கு முகம் சிவந்தது. அந்த உயிரை ஒரு கண்ணாடிச் சாடிக்குள் போட்டு ஃபார்மலினை ஊற்றச் சொன்னார். ஃப்ளோரா பதறிப்போனாள்.

“ஒரு சின்னத் துண்டையாவது ஸ்பிரிட்ல போடுங்க சார். ஃபார்மலின்ல ஊறினா மரபணுவ அப்புறம் படிக்க முடியாது.”

“கண்காட்சிக்கு ஃபார்மலின்தான் அழகு” என்றார் அவர். “அரணைன்னா நிரூபிச்சு எடுத்துட்டு வாங்க. மாசக் கடைசில கூட்டம் இருக்கு.”

விசைப்படகு கிளம்பிப் போயிற்று. யாரோ குடித்துப் போட்ட இளநீர்க் கூடுகள் மட்டும் கரையில் மிதந்தன.

இன்னொன்றைப் பிடிக்க மறுநாளே நாங்கள் போயிருக்க வேண்டும். கச்சான் என்று கடற்கரையில் சொல்லும் மேற்குக் காற்று எழும்பிவிட்டது. ஒருவரும் படகு தரவில்லை. தீவில் இறங்க ஃப்ளோராவிடம் இருந்த அனுமதியோ முடியப் போகிறது. காற்று சற்றே தணிந்த ஒரு விடியலில் லிகோரி தன் சொந்த வள்ளத்தைத் தள்ளினான். கோதண்டபாணியின் துறை ஆய்வகக் கிடங்கிலிருந்து வாங்கிய ஸ்பிரிட் புட்டி, மண்வெட்டி, தண்ணீர்க் குடம், மீனுக்கென்று எப்போதும் படகில் கிடக்கும் கல்லுப்புப் பெட்டி. அவ்வளவுதான் எங்கள் பயணச் சாமான். உப்பு நான் மேற்பார்வை பார்த்த உப்பளத்தினுடையது.

“ஏ பிள்ள, பாம்புக்கும் அரணைக்கும் என்ன வித்தியாசம் இருந்தா என்ன?” என்றான் லிகோரி, சுக்கானைப் பிடித்துக்கொண்டே. “ரெண்டும் ஊருது.”

சற்றுத் தள்ளி இரண்டு டால்பின்கள் முதுகு காட்டித் துள்ளின. ஃப்ளோரா அவற்றைக் காட்டினாள்.

“அது என்ன?”

“ஓங்கல் மீனு.”

“மீனா? குட்டிக்குப் பால் குடுக்கு. மூச்சு விட மேல வருது. அதோட பாட்டன் பூட்டன் தரையில நாலு காலுல நடந்தது. அதுக்குச் சுறா சொந்தமில்ல. மாடுதான் சொந்தம்.”

லிகோரி திரும்பி ஓங்கலைப் பார்த்தான். “மாடா? இத்தன வருசமா நான் மாட்டுக்குப் பக்கத்துலயா வல போட்டேன்?”

“பெரியப்பா மகன் பம்பாய்க்குப் போய் மீசைய எடுத்துட்டு இந்தி பேசுதான். அவன் நம்ம சொந்தம் இல்லன்னு ஆயிருமா? பக்கத்து வீட்டுக்காரன் நம்மள மாதிரியே சட்ட போட்டா சொந்தமாயிருவானா? யாரு வயித்துல யாரு பொறந்தான்னுதான் பாக்கணும். எந்தக் கிளையில இருந்து எது பிரிஞ்சதுங்கிறதுதான் கணக்கு. தண்ணிக்குள்ள கெடக்கிறதெல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி ஆயிரும், மண்ணுக்குள்ள கெடக்கிறதும் அப்படித்தான். அந்த உருவத்த நம்பினா ஏமாந்துருவோம்.”

“அப்போ அந்தத் தொப்பிக்காரரு?”

“அவரு புத்தகத்த அட்ட நிறம் பாத்து அடுக்குற ஆளு” என்றாள்.

எனக்கு அந்த வாக்கியம் இன்னும் பிடிக்கும்.

நெடுந்திட்டை நெருங்கினோம். கடந்த முறை ஒரே தீவாக இருந்தது இடுப்பில் அறுந்து இரண்டாகிவிட்டது. வடக்குப் பாதியில் மணலைத் தவிர ஒன்றுமில்லை. தெற்குப் பாதியில் முள் நிறைந்த உடை மரங்கள் ஒரு கொத்தாக நின்றன. அவற்றின் வேர்கள் கரைச்சரிவில் வெளியே தொங்கின. அந்த உயிர் இருந்தால் அந்த வேர்களுக்கடியில்தான் இருக்கும்.

லிகோரி நங்கூரத்தைப் போட்டுவிட்டுப் படகிலேயே இருந்தான். “சீக்கிரம் வாங்க வே, மாப்ள. இங்க மணலு நங்கூரத்தப் பிடிக்காது” என்று எச்சரித்தான்.

நாங்கள் தோண்டினோம். மண்வெட்டி உயிரை வெட்டிவிடும் என்பதால் மேல்மணலை மட்டும் வெட்டி, மிச்சத்தைக் கையால் அள்ளினோம். உடை முள் கையெல்லாம் கீறியது. நண்டு வந்தது, பூரான் வந்தது, யாரோ விட்டுப்போன செருப்பு வந்தது. தேடியது வரவில்லை. கச்சான் மறுபடி பலத்துவிட்டது. ஓதம் ஏறி, அலை சரிவின் அடியை முட்ட ஆரம்பித்தது.

“கடைசி மரம் ஒண்ணு இருக்கு. அதையும் பாத்துரலாம்” என்றாள் ஃப்ளோரா.

கடைசி மரம் சரிவின் விளிம்பில் நின்றது. நான் கீழே இறங்கி வேரடியில் கையை விட்டேன். அந்த நேரம் ஒரு பெரிய அலை அடித்தது. மேலிருந்த மணல் அப்படியே என்மேல் இறங்கியது. இடுப்புவரை புதைந்துபோனேன். ஈரமணல் சிமெண்டைப் போல இறுகிக்கொண்டது. அடுத்த அலை என் மார்பைத் தொட்டது.

“ஃப்ளோரா!”

அவள் சறுக்கிக்கொண்டு இறங்கினாள். என்னை நோக்கி நீட்டிய கை பாதியில் நின்றது. மணல் சரிந்த சுவரில், என் தோளுக்கு மேலே, பழுப்பு நிறத்தில் ஒன்று நெளிந்துகொண்டிருந்தது.

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. என் மனைவி முதலில் அதைத்தான் பிடித்தாள். பிடித்த மாத்திரத்தில் அது தன் வாலை உதறி அவள் கையில் விட்டது. உடல் ஒரு கையில், துடிக்கும் வால் மறு கையில்.

“பாத்தீங்களா, வால விட்டுட்டு! பாம்பு இப்படி விடாது” என்றாள். வாலை என் கையில் திணித்தாள். “இறுகப் பிடிங்க. விட்டுராதீங்க. மரபணு படிக்க இதுவே போதும்.”

வால் போன அரணையை, இன்னும் அசையாமல் நின்ற மேட்டு மரத்தின் அடியில் விட்டுவிட்டு ஓடி வந்து, இரண்டு கைகளாலும் என்னைச் சுற்றி மணலை அள்ளினாள். அலை கழுத்துவரை வந்து போயிற்று. என் மூடிய கைக்குள் அந்த வால் தனியாகத் துடித்துக்கொண்டே இருந்தது. செத்துப் போவேனோ என்ற பயத்தைவிட அதைக் கைவிட்டுவிடுவேனோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. முழங்கால் வெளியே வந்ததும் வேரைப் பிடித்துத் தவழ்ந்து மேலே ஏறினேன்.

ஃப்ளோரா அவசரமாக ஸ்பிரிட் புட்டியைத் திறந்தாள். முகர்ந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணில் நீர் கொட்டியது.

“இது ஸ்பிரிட் இல்ல. ஃபார்மலின்.”

புட்டியில் ஸ்பிரிட் என்றுதான் எழுதியிருந்தது. அந்த ஆய்வகக் கிடங்கில் ஸ்பிரிட் தீர்ந்தால் ஃபார்மலினை ஊற்றி வைப்பது வழக்கமாம். இரண்டும் தண்ணீர் மாதிரி இருக்கிறது, இரண்டிலும் உயிரைப் போட்டு வைக்கிறார்கள், பிறகென்ன வித்தியாசம்? தலைவர் எவ்வழியோ கிடங்கும் அவ்வழி. நிறமில்லாததெல்லாம் ஒன்று, காலில்லாததெல்லாம் ஒன்று. இந்த மூளைகளிடம்தான் ஒரு தீவின் உயிரை நாம் ஒப்படைத்திருந்தோம்.

“முடிஞ்சுதா அப்போ?” என்றேன். வால் துடிப்பை நிறுத்தியிருந்தது.

ஃப்ளோரா படகைப் பார்த்தாள். பிறகு கத்தினாள்: “அண்ணே! உப்புப் பெட்டி!”

லிகோரி பெட்டியைத் தலையில் வைத்து நெஞ்சளவு நீரில் வந்தான். “வாலக் கருவாடு போடப் போறியா?” என்றான்.

அவள் அதைத்தான் செய்தாள். பிளேடால் வாலை நீளவாக்கில் கீறினாள். உள்ளே உப்பை அடைத்தாள். தகர டப்பாவில் அடியில் உப்பு, நடுவில் வால், மேலே உப்பு. கையால் அழுத்தினாள். கடற்கரை வீடுகளில் நெத்திலி முதல் சுறாவரை எல்லாம் கெடாமல் இருப்பது இப்படித்தான். தண்ணீரை உப்பு உறிஞ்சிவிட்டால் சதை அழுகாது. சதை அழுகாவிட்டால் மரபணுவும் சிதையாது.

“இதுல படிக்க முடியுமா?” என்றேன்.

“முடியும். ஃபார்மலின்லதான் முடியாது.”

அப்போதுதான் லிகோரி திரும்பிப் பார்த்தான். வள்ளம் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

அவன் நீரில் பாய்ந்தான். அலை அவனை மறைத்தது, காட்டியது, மறுபடி மறைத்தது. பார்த்துக்கொண்டிருந்த ஃப்ளோரா என் சட்டையைப் பிடித்திருந்தாள். காலரின் தையல் விட்டுப் போனது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கடைசியில் ஒரு வழுக்கைத் தலை படகோரத்தில் எழும்பியது. ஒரு காலைப் போட்டு ஏறினான். இயந்திரம் இருமி, இருமி, பிடித்தது.

திரும்பும் வழியெல்லாம் நான் தண்ணீரை இறைத்தேன். ஃப்ளோரா டப்பாவை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியில் ஒரு முறை திறந்து, நீர்த்திருந்த உப்பைக் கொட்டிவிட்டுப் புதிய உப்பை நிரப்பினாள். மாதா கோவில் கோபுரம் தெரிந்தபோது லிகோரி சிலுவை போட்டுக்கொண்டான்.

“மக்கா, இனிமே ஒரு வாலுக்காக என்னக் கூப்பிடாதீங்க. முழுசா இருந்தா வாரேன்” என்றான்.

ஃப்ளோராவின் தோழி ஒருத்தி ஐதராபாத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்தாள். டப்பா அவளிடம் போயிற்று. விடை கூட்டத்துக்கு முன்பே வந்தது. அது பாம்பு அல்ல, அரணைக் குடும்பம். அக்குடும்பத்தின் மற்ற காலில்லா அரணைகளோடும் அதற்கு நெருங்கிய உறவில்லை. அது தன் பாட்டுக்குத் தனியாகக் கால்களை இழந்திருந்தது. வெகுகாலம் முன்பே பிரிந்துபோன ஒரு கிளையில் உயிரோடு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

கூட்டத்தில் ஃப்ளோரா படம் வரைந்து காட்டினாள். கோதண்டபாணி நீண்ட நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, “எனக்கும் அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது” என்றார். உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். இப்படித் தலையாட்டுபவர்களின் பொதுமூதாதை யார் என்று யாராவது ஆராய வேண்டும்.

கட்டிகள் நெடுந்திட்டுக்கு வந்தன. திறப்பு விழாவில் அவர் பேசினார். மேடையின் கடைசி நாற்காலியில் ஃப்ளோரா இருந்தாள். அவருடைய சாடிக்குள் கிடப்பது இன்று வெளுத்து நூல் போலாகி, பாம்பு என்ற பழைய சீட்டின் மேல் புதிய சீட்டு ஒட்டப்பட்டு, யாரும் பார்க்காமல் இருக்கிறது.

அவள் போன பிறகு, வனத்துறையின் கணக்கெடுப்புக்குப் படகு ஓட்ட லிகோரியை அழைத்தார்கள். அவன் என்னையும் ஏற்றிக்கொண்டான். தடுப்புக்குப் பின்னால் மணல் சேர்ந்து, அறுந்த இடுப்பு மறுபடி ஒட்டியிருந்தது. மேட்டு மரத்தடியில் ஆய்வாளர்கள் மணலைச் சலித்தபோது ஒன்று வந்தது. பழுப்பு உடல். நுனியில் மட்டும் நிறம் வெளிறிய, கட்டையான புது வால். பாம்பு இழந்த வாலை இப்படி வளர்க்காது.

“வே மாப்ள, இது நம்ம கருவாட்டுக்காரன்” என்றான் லிகோரி.

அதை என் உள்ளங்கையில் வைத்துச் சற்று நேரம் பார்த்தேன். எது இல்லை என்று பார்த்து யாரையும் எங்கும் ஒதுக்கக் கூடாது; எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். அவள் சொன்னது அவ்வளவுதான். அதைப் புரிந்துகொள்ளச் சிலருக்கு ஒரு தீவு தேவைப்பட்டது.

மணலில் விட்டேன். வாலை விடாமல், முழுதாகவே உள்ளே போயிற்று.